எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று வண்டிகள்

குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்றை வாங்குவதில் அப்படி என்ன பெரிய ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரையில் நானும் அவ்வாறே கேட்டிருப்பேன். கல்லூரியில் இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் படிப்பித்து வருகிறேன். சில்லு, அச்சு, உராய்வு, சமநிலை என்பனவெல்லாம் என் நாவிற் பழகிய சொற்கள். அத்தகைய ஒருவன் இந்தச் சிறு வண்டியைத் தெரிந்தெடுப்பதில் இரண்டு முறை தவறினான் என்றால், அது சொல்லத் தகுந்த கதைதான்.

மூத்த மகளுக்குப் பதினொரு வயது நடக்கும்போது, எதிர்பாராத பேறாக எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். என் மனைவியும் ஆசிரியை. அவளுடைய மகப்பேற்று விடுமுறை முடியும் நாள் நெருங்கியபோது, பகற்பொழுதிற் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரிடம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பது பிழை. அவர் அதைக் கேளாமலே எடுத்துக்கொண்டார். காலையிற் குளிப்பாட்டி, ஏணையில் இட்டு ஆட்டி, விழித்தவுடன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வெயில் ஏறுமுன் அந்த உலா நடந்தாக வேண்டும். நடவாவிட்டால் பேரனைவிட அப்பம்மாவுக்கே அன்று பொழுது விடியாது.

இலண்டனில் இருக்கும் என் கடைசித் தங்கை ஒரு நாள் தொலைபேசியிற் பேசும்போது, பெட்டி ஒன்று கப்பலில் வருகிறது என்றாள். வந்தது. பிரித்துப் பார்த்தால் அதனுள்ளே மூன்று சில்லுகளும், சைக்கிளுக்கு இருப்பதைப் போலக் காற்றடிக்கும் ரயர்களும் கொண்ட வண்டியொன்று இருந்தது. முதுகுப் பக்கத்தை முற்றாகச் சாய்த்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கலாம். தலைக்கு மேல் மடங்கும் கூடாரம் இருந்தது. தேநீர்க் கோப்பை வைப்பதற்குக்கூட ஓர் இடம் இருந்தது! விளக்கப் புத்தகத்தை வாசித்து மகளே அரைமணி நேரத்தில் அதைப் பூட்டி முடித்தாள். அயலிலுள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தாயார் மட்டும் விறாந்தைத் தூணிற் சாய்ந்தபடி, "உது வண்டியோ, றக்ரரோ?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஒழுங்கை மணல் ஒழுங்கை. அந்த மணலில் அவ்வண்டி வழுவழுப்பாக ஓடியதை நான் மறைக்க மாட்டேன். அகன்ற, பெரிய, காற்றடைத்த சில்லு மணலிற் புதைவதில்லை. பாரம் பரவி விழுகிறது. ஆனால் படலையின் ஒரு கதவைத் திறந்தால் வண்டி போகாது. இரண்டையும் திறந்தால் அடுத்த வீட்டு ஆடு உள்ளே வந்துவிடும். ஓட்டோவில் அது ஏறவில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். எடையோ பதினான்கு கிலோ. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த என் தாயாருக்கு அதன் கைபிடி நெஞ்சு மட்டத்தில் நின்றது. இரண்டு நாள் தள்ளிப் பார்த்தார். மூன்றாம் நாள் குழந்தை மறுபடியும் இடுப்பில் இருந்தது.

நான் பிடிவாதக்காரன் என்பது வீட்டில் எல்லாரும் அறிந்த செய்தி. ஒரு காரியம் பிழைத்தால் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்குவது என் வழக்கம். வாசித்தேன். 1733ஆம் ஆண்டில் வில்லியம் கெண்ட் என்பார் இங்கிலாந்தின் டெவன்ஷயர்க் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார். அதைத் தள்ளுவதற்கு ஆளில்லை; ஆடோ சிறு குதிரையோ பூட்டி இழுக்க வேண்டும். 1889இல் அமெரிக்காவில் வில்லியம் றிச்சட்சன் என்னும் கறுப்பினத்தவர், குழந்தை தள்ளுபவரின் முகத்தைப் பார்த்திருக்குமாறு தொட்டிலைத் திருப்பி வைக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். என் மனத்தைத் தொட்டவர் மூன்றாமவர். ஓவன் மக்ளாரன் என்பவர் விமானப் பொறியியலாளர். ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசில்லுத் தொகுதியில் வேலை செய்தவர். தம் மகள் பாரமான வண்டியோடு பட்ட அவதியைக் கண்டு, 1965இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, குடையை மடக்குவது போல மடக்கக்கூடிய ஒரு வண்டியை வகுத்தார். எடை ஏறக்குறைய மூன்று கிலோதான். விமானத்தின் சில்லு வயிற்றுக்குள் மடங்குவதையும் இந்த வண்டி கைக்குள் மடங்குவதையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தபோது, பௌதிக ஆசிரியனாகிய எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்த மகிழ்ச்சியிலேதான் இரண்டாவது தவறைச் செய்தேன்.

குடை மாதிரி மடங்கும் மலிவான வண்டியொன்றைப் பட்டணத்துக் கடையொன்றில் வாங்கினேன். அப்போது மகனுக்கு எட்டு மாதம். தானாக உட்காரத் தொடங்கியிருந்தான். இத்தகைய வண்டிகளிற் பலவற்றின் இருக்கை முற்றாகச் சாய்வதில்லை. ஆதலால் கழுத்தும் முதுகும் உறுதிப்படாத, ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை அவற்றில் இருத்தலாகாது. இதை மட்டும் நான் சரியாகக் கவனித்திருந்தேன்.

அந்த விடுமுறையிற் கொழும்புக்குப் போனோம். புகைவண்டிப் பெட்டியின் ஒடுங்கிய வாசலிலும் உயர்ந்த படியிலும், ஒரு கையிற் குழந்தையும் மறு கையில் மடக்கிய வண்டியுமாக நான் ஏறிய ஏற்றத்தை மக்ளாரன் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். மாலையிற் காலிமுகத் திடலுக்குச் சென்றோம். அங்கே ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவேறிய அந்த நடைபாதையை, கொழும்பு நகரத்துப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாக அதிலே பொறித்திருக்கிறார்கள். கடற்காற்று வீச, சமதளமான பாதையிலே எங்கள் சின்ன வண்டி சறுக்கிக்கொண்டு ஓடியது. இதுவல்லவோ வண்டி என்று மனைவியிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த மறுவாரம், தாயாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய், கீரை, தேங்காய் என்று வாங்க வாங்க, பைகளை வண்டியின் இரண்டு கைபிடிகளிலும் கொழுவினேன். எல்லாரும் செய்வதுதானே? வழியிலே ஒரு சீமெந்துக் கட்டு. முன்சில்லை அதிலே ஏற்றுவதற்காகக் கைபிடியைக் கீழே அழுத்தினேன். அவ்வளவுதான். பைகளின் பாரம் பின்னச்சுக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த அழுத்தம் அதனோடு சேர்ந்தது. வண்டி குழந்தையோடு மல்லாக்க விழுந்தது.

கீரைப்பை முதலில் நிலத்திற்பட்டு, அதன் மேலே இருக்கையின் முதுகு விழுந்ததனால் மகனுக்கு ஒன்றும் நேரவில்லை. தோள் இரண்டு, இடை இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து வாரும் பூட்டியிருந்தமையால் அவன் வெளியே வழுகவுமில்லை. ஆயினும் அவன் வீரிட்டு அழுத அழுகை இன்னும் என் காதில் நிற்கிறது. புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் நிலைக்குத்துக்கோடு அடித்தளத்தை விட்டு வெளியேறினால் பொருள் கவிழும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையிற் படம் கீறிக் காட்டுபவன் நான்! சந்தைக்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன் ஓடிவந்து தேங்காய்களைப் பொறுக்கித் தந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

தாயார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாரைக் கழற்றிக் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஓட்டோவைக் கூப்பிடுகிறேன் என்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. சந்தையிலிருந்து வீடு ஒரு மைல் இருக்கும். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னாலே போனேன்.

அப்படி அவருக்குப் பின்னாலே நடந்தது எனக்குப் புதிதல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. இலட்சக்கணக்கான சனம், மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடி வைப்பதும் நிற்பதுமாக நகர்ந்தோம். தந்தையார் சைக்கிளின் பின்னால் அப்பம்மாவை இருத்தித் தள்ளினார். அரிசியும் சட்டி பானையும் கட்டிய மற்றச் சைக்கிளை நான் தள்ளினேன். தாயாரின் இடுப்பிலே இரண்டு வயதுத் தங்கை. இரவு முழுவதும் அவர் அவளை இறக்கவில்லை. நான் சிறிது நேரம் வைத்திருக்கிறேன் என்று கேட்டதற்கு, "நீ சைக்கிளைப் பார், தம்பி" என்றார். அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து, இலண்டனிலிருந்து மூன்று சில்லு வண்டியை அனுப்பியவள்.

சந்தையாலே வந்த மறுநாட் காலை தாயார் படுக்கையை விட்டு எழும்பவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. ஓராண்டாகவே நோவு இருந்ததாம். இரவிலே எண்ணெய் பூசிக்கொண்டு, எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூட்டுத் தேய்ந்திருக்கிறது என்றும், பாரம் தூக்குவதைக் குறைக்க வேண்டும் என்றும், ஆனால் மெதுவாக நடப்பது நல்லது என்றும் வைத்தியர் சொன்னார். "பிள்ளை பாரமோ?" என்று அவரையே திருப்பிக் கேட்டார் தாயார்.

அன்றிரவு தங்கையோடு பேசினேன். நடந்ததைக் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அண்ணை, நான் அந்த வண்டியைப் பிள்ளைக்கெண்டு அனுப்பேல்லை, அம்மாவுக்கெண்டுதான் அனுப்பினனான். நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கோ" என்றாள். முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டு வண்டிகளையும் நாங்கள் குழந்தையை இருத்திப் பார்த்தோம். ஓட்டோவிலும் புகைவண்டியிலும் ஏற்றிப் பார்த்தோம். நாள்தோறும் தள்ளப் போகிறவரை யாரும் கேட்கவேயில்லை.

மூன்றாவது வண்டி ஒரு நண்பர் வீட்டிலிருந்து கிடைத்தது. பேரப்பிள்ளை வளர்ந்துவிட்டமையால் அவர்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தாயாரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் சோதித்த சோதனையை எந்தத் தர நிருணய அதிகாரியும் செய்திருக்க மாட்டார். முதலில், பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி இருக்கையில் வைத்து வாரைப் பூட்டினார். முற்றத்து மணலிலே தள்ளிப் பார்த்தார். இரும்புச் சட்டமும் நடுத்தர அளவுச் சில்லுகளும் கொண்ட வண்டி சற்றே சிணுங்கினாலும் நகர்ந்தது. முன்சில்லுகள் இரண்டும் எப்பக்கமும் திரும்பக் கூடியவை. மணலிலும் கல்லிலும் அவை குறுக்கே திரும்பிச் சிக்காமல், நேராகப் பூட்டி வைக்க ஒரு பூட்டும் இருந்தது. கைபிடியை ஏற்றி இறக்கலாம். முழங்கை சற்றே மடங்க, தொப்புள் மட்டத்துக்கு அது வரும்வரை இறக்கச் சொன்னார். பின்னர்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பிறேக்கை அழுத்தினார். இதை நான் எண்ணியும் பார்த்ததில்லை. சில வண்டிகளிற் பிறேக்கை விடுவிப்பதற்குக் கால்விரலின் மேற்புறத்தால் மேலே தட்ட வேண்டும். சப்பாத்துக் காலுக்கு அது ஒன்றுமில்லை, வெறுங்காலில் விரல் நோகும். இதிலோ மீண்டும் ஒருமுறை மிதித்தால் விடுபட்டது. "இது மனிசர் செய்த வண்டி" என்றார்.

பழைய வண்டியாகையால் என் பங்குக்கு நானும் சிலவற்றைப் பார்த்தேன். மடக்குப் பூட்டு விரித்த நிலையில் உறுதியாக விழுகிறதா, வாரின் கொளுக்கி இழுத்தால் விடுபடுகிறதா, பிணைச்சல்களில் வெடிப்பு உண்டா என்றெல்லாம் தடவிப் பார்த்தேன். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளைகளை எட்ட நிறுத்த வேண்டும் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. அந்தப் பிணைச்சல்களிற் பிஞ்சு விரல்கள் அகப்பட்டு வெளிநாடுகளில் மிகப் பெரிய துன்பங்கள் நேர்ந்திருக்கின்றன. இன்னொன்று: வெயிலுக்காக வண்டியின் வாயை மெல்லிய சீலையால் மூடிவிடுகிறார்களே, அது நிழலல்ல, அடுப்பு. உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். கூடாரத்தை விரித்து, முன்பக்கத்தைத் திறந்து விடுவதே முறை. எங்கள் ஊர் வெயிலிலோ எட்டு மணிக்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவதே சாலச் சிறந்தது.

இலண்டன் வண்டியை, தென்னந்தோப்பு நடுவே வீடு கட்டியிருக்கும் மைத்துனன் கொண்டு போனான். அவனுடைய படலை அகலமானது. குடை வண்டி அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. கொழும்புக்குப் போகும்போது இறக்குவோம். புது வண்டியின் கைபிடியில் ஒரு சிறு பைகூடத் தொங்கலாகாது என்று வீட்டிற் சட்டம் போட்டிருக்கிறேன். சாமான் வைப்பதற்கு இருக்கையின் கீழே ஒரு கூடை உண்டு.

தாயார் சட்டத்தை மீறுகிறவர் அல்லர். சென்ற சனிக்கிழமை காலை, நான் படலையடியிற் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒழுங்கை முனையில் வண்டியின் சில்லுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பேரன் அப்பம்மாவின் இடுப்பில் இருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்தான். வண்டியிலே, கீழ்க்கூடைக்குள் அடங்காத பென்னாம்பெரிய பூசினிக்காய் ஒன்று, ஐந்து வாரும் ஒழுங்காகப் பூட்டி, கூடாரமும் விரித்து, சாய்ந்து இருந்தது.