வட்டுவாகல் பாலத்துக்கு ஒரு பலகை

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் இருக்கும் சார்ள்ஸ் பாலத்தின் படங்களை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். 1357இல் கட்டத் தொடங்கிய கற்பாலம். இரு பக்கமும் 30 சிலைகள். 1714இல் செதுக்கிய ஒன்றில், சிறைப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு ஒரு துருக்கியன் காவல் நிற்கிறான். 300 வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் அவனைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார்கள். கல்லில் எழுதியவரின் கதைதான் நிற்கும் போல.

எங்கட வட்டுவாகல் பாலத்தில் சிலை ஒன்றும் இல்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், நந்திக்கடல் கடலோடு சேரும் இடம். ஒரு வாகனம் வந்தால் எதிரே வருவது காத்து நிற்க வேண்டும். மாரியில் வெள்ளம் மேலால் பாயும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் உயிர் தப்பிய சனம் ஆயிரக்கணக்கில் இதைக் கடந்துதான் வந்தது. அப்போது கையளித்த பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் 2017 முதல் முல்லைத்தீவில் போராடுகிறார்கள்.

2025 செப்டம்பரில் புதிய பாலத்தின் வேலை தொடங்கியது. நல்ல விசயம், தேவையானதும்கூட. ஆனால் பழையதோடு அந்த ஞாபகமும் போய்விடக் கூடாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை நான். எழுதி வைக்காத இழப்பை அடுத்த தலைமுறை வெறும் கதை என்று நினைக்கும் என்பதைப் புத்தளத்தில் வளர்ந்த எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்.

சிலை வைப்பது எங்கள் மார்க்கத்தில் இல்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. புதிய பாலத்தடியில் மூன்று மொழியிலும் ஒரு பலகை போதும். யார், எப்போது, ஏன் இதைக் கடந்தார்கள் என்று மட்டும் எழுதட்டும்.