கரமனை ஹெரால்டுக்கு என்ன தீனம்?

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானட்டைத் திறப்பதே தனி அழகு. மற்ற கார்களில் மூடி மட்டும் மேலே எழும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமாகச் சேர்ந்து மொத்த முகப்பும் முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தை ஒட்டிய சந்துப் பட்டறைக்கு நான் போயிருந்த அன்று ஆசான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பழைய பெட்ரோல் கார்களின் எலக்ட்ரிகல் வேலைதான் அவர் பிழைப்பு. வண்டிக்காரர்களுக்கும் அவர் ஆசான், கூடமாட நிற்கும் பையனுக்கும் ஆசான்.

வண்டியின் சொந்தக்காரர் கரமனையில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். அவருடைய அப்பா வாங்கிய கார், கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர் பலகை இன்னும் இருக்கிறது. 1961-ல் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோத்தி. 948 சி.சி., நாலு சிலிண்டர். நாலு கதவு ஹெரால்டு பிரிட்டனில் வந்ததே இல்லை. 1960களின் கடைசியில் இந்தியாவில்தான் வந்தது. கரமனைக்காரரின் வண்டி அந்த நாலு கதவு வகை.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு. மேடு ஏறினால் மிஸ்ஸிங். பாயின்ட்டை மாற்றி மாற்றி அவருக்கு அலுத்துவிட்டது. எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

“ஆசானே, எந்த கிட்டுன்னு மட்டும் சொல்லுங்க. நான் வரவழைச்சிடறேன்.”

“முதல்ல வண்டிக்கு என்ன தீனம்னு பாக்கட்டு சாரே. கிட்டு எங்கயும் ஓடிப் போவாது.”

பாயின்ட் வைத்துப் பொறி எழுப்பும் முறை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்தது. 1910-ம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்து, உலகம் முழுக்க அறுபது எழுபது வருஷம் ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்டு சுழலும்போது அதன் கேம் மேடுகள் பாயின்ட்டைத் திறந்து மூடும். மூடியிருக்கும் நேரத்தில் காயிலில் கரண்ட் ஏறும். திறந்த கணத்தில் அந்தக் கரண்ட் அறுபட, காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி விழும். இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால் பாயின்ட் 8,000 தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில ஆம்பியர் கரண்டை அறுக்க வேண்டும். அதன் முகம் கருகுவதிலோ குழிவிழுவதிலோ ஆச்சரியம் இல்லை. பக்கத்திலிருக்கும் கண்டென்சர் அந்தக் கருகலை மட்டுப்படுத்துகிறது. இப்போது கடையில் வாங்கும் கண்டென்சர் எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கிட் பக்கம் மனசு போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆசான் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றினார், ரோட்டரை உருவினார். “மக்களே, பில்லர் கேஜ எடு.” பையன் நீட்டிய கேஜில் பதினைந்து ‘தௌ’ தகட்டைப் பிரித்துப் பாயின்ட் இடைவெளியில் விட்டார். அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். தகடு லேசாக உரசிக்கொண்டு போனது, சரியான அளவு. கேஜை அப்படியே விட்டுவைத்து, தண்டின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளுத் தள்ளினார். இடைவெளி கண்ணெதிரே அகன்று தகடு தொங்கியது. மறுபக்கம் தள்ளினால் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“பாத்தேளா சாரே? தண்டு ஆடுது. பாயின்ட் மேல குத்தமில்ல.”

தண்டு நிற்பது வெண்கலப் புஷ்ஷில். புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் நாலு சிலிண்டருக்கும் நாலு விதமாகப் பாயின்ட் திறக்கும். பொறி ஒன்றுக்கு முன்னதாக விழும், இன்னொன்றுக்குத் தாமதமாக. ஐடிலில் ஓடவிட்டு டைமிங் லைட் அடித்துக் காட்டினார். புல்லியில் வெட்டியிருக்கும் குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டியது, இங்கும் அங்கும் துள்ளியது.

கிட்டாக வரும், காந்த வளையம் வைத்த மாட்யூல் போட்டால் இந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான். ரோட்டருக்கு அடியில் வளையம் சுற்றும், எதிரே இருக்கும் சென்சர் காந்தத்தை உணர்ந்து கரண்டை அறுக்கும், உரசல் கிடையாது. ஆனால் சிலிண்டருக்குச் சிலிண்டர் நேரம் மாறுவது முழுக்கத் தீராது. அடியிலிருக்கும் அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்கும் வேக்குவம் டயாஃப்ரமும் அதே பழையவைதான். தீனத்தை, அதாவது நோயை, மூடிவைத்து மருந்து கொடுப்பது ஆசானுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கிட் விற்பவர்கள் யாரும் வாங்க வருகிறவரிடம் முதலில் தண்டை ஆட்டிப் பார்க்கச் சொல்வதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் லேத் பட்டறைக்குப் போனது. வேலையின் உயிர் அங்கேதான். கடைசல்காரர் தண்டை மைக்ரோமீட்டரில் வைத்து மேலே, நடுவே, கீழே என அளந்தார். தண்டு தேயவில்லை. பழைய புஷ்ஷை அழுத்தி வெளியேற்றி, நுண்துளை வெண்கலத்தில் புதுசு கடைந்தார். அதை உடனே மாட்டிவிடக் கூடாது. எண்ணெயில் ஊறப்போட்டு, துளைகளுக்குள் எண்ணெய் இறங்கிய பிறகே அழுத்திப் பொருத்த வேண்டும்.  தண்டை இறக்கியபோது அதன் கனத்துக்கே மெல்ல நழுவி இறங்கியது. பக்கவாட்டில் அசைத்தால் அசையவில்லை. இந்த அளவுக்கு வேலை தெரிந்த கைகள் அருகிவருகின்றன. பழைய கார் வைத்திருப்பவர்கள் கிட்டுக்குச் செலவழிக்கும் முன்னால் இந்தக் கைகளுக்குச் செலவழிக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் எந்த கிட் என்ற பேச்சு. மூன்று வழி உண்டு. பழைய பாயின்ட்டை வைத்துக்கொண்டு, அதற்கு அறுக்கும் வேலையைக் குறைத்து டிரான்சிஸ்டரிடம் கொடுப்பது ஒன்று. பாயின்ட் முகம் கருகாது, ஆனால் கேமில் உரசும் ஃபைபர் தேயத்தான் செய்யும். டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு, அட்வான்ஸைக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்ளும் நெதர்லாந்தின் 123 இக்னிஷன் போன்ற ஒன்றைப் போடுவது இன்னொன்று. நல்ல சாமான், விலை அதிகம். நடுவழி, அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ் பிரபலமாக்கிய காந்த மாட்யூல். கேப்புக்குள் ஒளிந்துகொள்ளும், இரண்டு வயர் மட்டும் வெளியே வரும்.

ஆசான் நடுவழியைச் சொன்னார். ஒரு காரணம் சட்டம். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ எனப் பதியலாம். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இரண்டு திருகைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாட்யூலில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் வாங்குமுன் எர்த் பார்க்க வேண்டும். அந்தக் கால பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேரும். பிற்பாடு டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் அதை மைனஸுக்கு மாற்றியிருப்பார்கள். மாறிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் இந்த வண்டி மைனஸ் எர்த். காயிலின் ஓம்ஸும் மாட்யூலுக்குப் பொருந்த வேண்டும். இங்கே மூன்று ஓம்ஸ், சரி. செம்புக் கம்பி பிளக் வயரை எடுத்துவிட்டு, இரைச்சலை அடக்கும் கார்பன் வயர் போட்டார்கள். இல்லையென்றால் சென்சர் குழம்பும். இன்ஜின் நின்றிருக்கையில் சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டு அரட்டை அடிக்கக் கூடாது, காயிலும் மாட்யூலும் சுட்டுப்போகும் என்று சாரிடம் இரண்டு தடவை சொல்லிவைத்தார் ஆசான்.

மழையைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. இந்த ஊரில் ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம், நடுவே கடல்காற்று. கேப்புக்குள் ஈரம் கட்டினால் பொறி பிளக்குக்குப் போகாமல் கேப்பின் சுவரிலேயே கருங்கோடு போட்டு ஓடிவிடும். மாட்யூல் போட்டாலும் கேப் அதே கேப்தான். எனவே புதுக் கேப், புது ரோட்டர்.

எல்லாம் மாட்டி லைட் அடித்தபோது புல்லியின் குறி அசையாமல் நின்றது. சார் பொன்முடி மலைக்குப் போய்வர நினைக்கிறார், 22 கொண்டை ஊசி வளைவு. இடைவெளி சரிபார்த்த பாயின்ட்டையும் கண்டென்சரையும் பேஸ் பிளேட்டோடு சேர்த்துத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தான் பையன். “மாட்யூல் படுத்துச்சுன்னா வழியில ரிப்பேர் கிடையாது. இத மாட்டி வந்து சேருங்க.”

அடுத்ததாக ஒரு பிரீமியர் பத்மினி காத்திருந்தது. அதன் சொந்தக்காரருக்கும் கிட் வேண்டும். ஆசான் தண்டை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. பாயின்ட் சுத்தம், லைட்டில் குறியும் நின்றது. பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தை விரலால் தடவினார். ரப்பர் உப்பிக் கிடந்தது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்குவதில்லை.

“இதுக்கு கிட்டு வேண்டாம் தம்பி. பம்ப்புக்கு ரிப்பேர் செட் வாங்கிட்டு வாங்க.”