கணக்கில் வராத கை

கூடைப்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், வாசகர்களே! நம்மவர்களுக்குப் பந்து என்றாலே காற்பந்துதான். தோட்டத்துத் திடலில் மாலையில் இரண்டு கம்பங்களை நட்டுவிட்டால் போதும், லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். கூடைப்பந்து என்பது பட்டணத்துச் சீனப் பள்ளியின் சிமெண்டுத் தரையில் யாரோ ஆடுவதை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான்.

அப்படிப் பார்க்கும்போது நம் கண் எதன் பின்னே போகும்? பந்தின் பின்னே. பந்து வளையத்துக்குள் விழுந்தால் கை தட்டுவோம். விழாவிட்டால் 'ச்சே' என்போம். ஏன் விழவில்லை, யார் விழவிடாமல் செய்தது என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்? நான் சொல்லப் போவது பந்தை விழவிடாமல் செய்தே பேர் வாங்கிய ஒரு நெட்டை மனிதரைப் பற்றி. பெயர் பில் ரஸ்ஸல். அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1950களில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் மாணவர்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். பக்கத்துக்கு ஐந்து பேர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். அணியில் மிக உயரமானவரை வளையத்துக்கு அருகில் நிறுத்துவார்கள். எதிரணி எறியும் பந்து மேலே ஏறிப் போகும்போது அதைத் தட்டிவிடலாம். ஆனால் வளையத்தை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டால் தொடக்கூடாது. 1944-ல் கொண்டுவந்த சட்டம் அது. அதற்கு முன் நெட்டையர்கள் வளையத்தின் அருகிலேயே நின்றுகொண்டு, உள்ளே விழப் போகும் பந்தைக்கூட மாங்காய் பறிப்பது போலப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

ஆக, தடுக்க வேண்டுமானால் எறிபவரின் கையை விட்டுப் பந்து கிளம்பிய அந்த இமைப்பொழுதிலேயே தடுக்க வேண்டும். அதற்குக் குதிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: தடுப்பவன் தரையை விட்டுக் காலை எடுக்கவே கூடாது! காரணமும் இல்லாமல் இல்லை. எறிவது போல் ஒருவன் பாவனை காட்டுவான். நீங்கள் ஏமாந்து குதிப்பீர்கள். நீங்கள் ஆகாயத்தில் இருக்கும்போது அவன் உங்கள் கைக்கு அடியில் புகுந்து போய்விடுவான். மேலே விழுந்து இடித்தால் தண்டனை வேறு. ஆகவே கையைத் தூக்கிக்கொண்டு தரையில் நில் என்றார்கள். நின்றார்கள்.

ரஸ்ஸல் நிற்கவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

அவர் பிறந்தது 1934-ல், லூசியானா மாநிலத்தில் மன்றோ என்ற ஊரில். கறுப்பர்களுக்கு அங்கே மரியாதையான வாழ்வு இல்லை என்று தகப்பனார் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகருக்குப் போய்விட்டார். பிழைப்புத் தேடி மூட்டை கட்டிய குடும்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தாயார் காலமானார். பிள்ளைகள் கல்லூரிப் படிப்பைப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

பள்ளியில் பையன் பெரிய ஆட்டக்காரன் அல்ல. இரண்டாந்தர அணியில் பதினாறாவது ஆளாகச் சேர்த்தார்கள்; உடுப்போ பதினைந்துதான் இருந்தது. இன்னொரு பையனும் இவனும் ஒரே உடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் ஆடினால் மற்றவன் வெளியே உட்கார வேண்டும்! அவனைக் கழித்துவிடாமல் வைத்துக்கொண்டவர் ஜார்ஜ் பவல்ஸ் என்ற வெள்ளைக்கார ஆசிரியர்.

படிப்பு முடிகிற சமயத்தில், 1952-ல், பள்ளி மாணவர் அணி ஒன்றோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடும் வாய்ப்பு வந்தது. அந்தப் பயணத்தில் ரஸ்ஸல் ஒரு வேடிக்கையான பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நன்றாக ஆடும் தோழன் ஒருவனைக் களத்தில் உற்றுப் பார்ப்பார். பிறகு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, அவன் எந்தக் காலை முதலில் வைத்தான், பந்தை எந்தக் கைக்கு மாற்றினான் என்று மனத்துக்குள் படம் ஓட்டிப் பார்ப்பார். அவனைப் போலவே எறிவதாக மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு எதிரே கண்ணாடிப் பிம்பம் போல நின்று, அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் எதிரடி வைத்து, அவனைத் தடுப்பதாகவும் நினைத்துப் பார்த்தார். ரஸ்ஸல் இடக்கைக்காரர். எதிரில் வருபவனோ பெரும்பாலும் வலக்கைக்காரன். நேருக்கு நேர் நின்றால் அவன் எறியும் கைக்கு எதிரே இருப்பது இவருடைய இடக்கை! உடம்பைக் குறுக்கே திருப்பாமல் அப்படியே நேராக மேலே எழும்பினால் போதும். கடவுள் கொடுத்த வசதி என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வசதி இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

அவருக்கு இடம் கொடுக்க முன்வந்த கல்லூரி ஒன்றே ஒன்றுதான். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அப்போது அங்கே சொந்தமாக ஓர் ஆட்டக் கூடம்கூடக் கிடையாது. பயிற்சியாளர் பில் வூல்பர்ட். அவரும் பழைய பாடத்துக்காரர்தான். 1953 கடைசியில் பெரிய அணியில் ரஸ்ஸல் ஆடிய முதல் ஆட்டம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. எதிரணியின் நெட்டை ஆட்டக்காரர் நாடறிந்தவர். அவர் எறிந்த பந்தை ரஸ்ஸல் எழும்பித் தட்டினார். அரங்கமே திகைத்தது. ஆட்டம் நின்ற இடைவேளையில் பயிற்சியாளர் சொன்னாராம், 'இப்படியெல்லாம் தடுக்கக்கூடாது' என்று. பின்னே எப்படி என்று நின்றும் காட்டினாராம். ரஸ்ஸல் மறுபேச்சுப் பேசாமல் அவர் சொன்னபடியே நின்றார். எதிராளி அவரைச் சுலபமாகக் கடந்துபோய்க் கூடை போட்டார். மறுபடியும் போட்டார். ரஸ்ஸல் தன் வழிக்கே திரும்பிவிட்டார்! இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இனி அவருடைய வழியைப் பார்ப்போம். உயரம் இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். உயரம் இருந்தது, உண்மைதான். ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். 1956-ல் உயரம் தாண்டுவதில் 6 அடி 9 அங்குலத்தைத் தாண்டியவர். ஆனால் கை எட்டுவது பாதி வேலை. எங்கே நிற்பது என்பதுதான் மீதிப் பாதி, கடினமான பாதியும் அதுவே.

நம் காற்பந்தில் கோல் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிராளி தனியாகப் பந்தோடு வருகிறான். கோல் கோட்டிலேயே நிற்பவனுக்கு இரு புறமும் திறந்து கிடக்கும். இரண்டடி முன்னே வந்து நின்றால் உதைக்கிறவன் கண்ணுக்குக் கோல் சிறுத்துப் போகும். ரஸ்ஸல் அப்படித்தான் நின்றார். தான் காக்க வேண்டிய ஆளை ஒட்டிக்கொண்டு நிற்காமல், ஓரிரண்டு அடி வளையத்தின் பக்கம் விலகி, அவனையும் பந்தையும் ஒரே பார்வையில் பார்க்கிற இடத்தில் நிற்பார். வேறு எவனாவது ஓட்டமாக உள்ளே வந்தால் பக்கவாட்டில் ஒரு தப்படி. அவ்வளவுதான், அவன் முன்னே இவர். எதிராளி குதித்த பிறகுதான் இவர் குதிப்பார், முன்னால் அல்ல. பாவனைக்கு ஏமாறாமல் இருக்க அதுதான் வழி. பிந்திக் குதித்தும் முந்தி எட்டும் கால் இருந்ததால் அது முடிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது; எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பந்தைத் தட்டும் பலர் ஓங்கி அறைந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் அனுப்புவார்கள். கூட்டம் ஆரவாரம் செய்யும். ஆனால் வெளியே போன பந்து யாருக்கு? மீண்டும் எதிரணிக்கே! ரஸ்ஸல் அறைய மாட்டார். தன் தோழன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்து, அந்தப் பக்கமாகத் தட்டிவிடுவார். தடுத்த அடியே தன் அணியின் தாக்குதலுக்கு முதல் அடியாகிவிடும். ஆரவாரம் கொஞ்சம் குறைவு. லாபம் இரட்டிப்பு.

தோழன் என்றேனே, அவர் கே.சி. ஜோன்ஸ். இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். இரவில் படுத்துக்கொண்டு கூடைப்பந்தைக் கணிதப் பாடம் போலப் பேசுவார்களாம். இந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து எங்கே திரும்பி விழும், இவனை இந்தப் பக்கம் விட்டால் எங்கே போய்ச் சேருவான் என்று. பந்தோடு வருகிறவனை ஜோன்ஸ் வெளியே மடக்குவார். வேண்டுமென்றே ஒரு பக்கம் சந்து விடுவார். வழி கிடைத்தது என்று அவன் ஓடுவான். ஓடிப்போய் நிற்பது ரஸ்ஸலின் முன்னால்! கோழியைக் கூண்டுப் பக்கமாக விரட்டுகிற வித்தை நமக்குத் தெரியாததா?

சில ஆட்டங்களுக்குப் பிறகு ரஸ்ஸல் குதிக்கவே தேவையில்லாமல் போயிற்று. அவர் அங்கே நிற்கிறார் என்பதே போதும். உள்ளே வந்தவன் தயங்கி வெளியே திரும்புவான். அல்லது பந்தை வழக்கத்தைவிட உயரமாக எறிந்து தவறவிடுவான். எல்லாப் பந்தையும் தடுக்க வேண்டியதில்லை, தடுத்துவிடுவானோ என்ற எண்ணத்தை எதிராளி மனத்தில் போட்டுவிட்டால் போதும் என்பது அவர் கருத்து.

இதைப் படித்தபோது எனக்கு என் தாயார் ஞாபகம் வந்தது. அவர் புல் வெட்டும் கூட்டத்தில் வேலை செய்தவர். பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு நிறுவை உண்டு. வாளியைத் தராசில் வைத்ததும் கிராணியார் இத்தனை என்று எழுதுவார். கூடினால் கூடுதல் காசு, முகத்திலும் ஒரு களை. புல் வெட்டியவருக்கு எதை நிறுப்பது? முளைக்காத புல்லையா? பாதை சுத்தமாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு வாரம் ஆள் இல்லாமல் காடு மண்டினால்தான், 'யாரம்மா இந்த நிரையில்?' என்று குரல் வரும். எறியப்படாமலே போன பந்தும் அப்படித்தான், வாசகர்களே. அது எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

புத்தகத்தில் ஏறியதைச் சொல்கிறேன். 1955-ல் சான் பிரான்சிஸ்கோ அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் லாசால் கல்லூரியை 77-63 என்று தோற்கடித்தது. மறு ஆண்டு, 1956-ல், ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இறுதியில் அயோவாவை 83-71 என்று வென்றது. ரஸ்ஸல் விடைபெறும்போது அணி தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றிருந்தது. 1956 போட்டியின் கடைசிக் கட்டத்தில் ஜோன்ஸ் ஆடத் தகுதியில்லை என்று விதி குறுக்கே நின்றது. கோழி விரட்ட ஆள் இல்லாமலே கூண்டு வேலை செய்தது!

வெற்றி இருந்ததே தவிர, மரியாதை எங்கும் காத்திருக்கவில்லை. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகரில் ஒரு போட்டி. கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு அறை தர முடியாது என்று ஓட்டல்கள் கைவிரித்தன. வெள்ளைத் தோழர்கள் மட்டும் ஓட்டலில் தங்கியிருக்கலாம். அணி முழுவதும் ஒன்றாகவே இருப்பது என்று முடிவு செய்து, விடுமுறைக்கு மூடிக்கிடந்த ஒரு மாணவர் விடுதியில் போய்ப் படுத்தார்கள். போட்டியை வென்றுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

ஒரு மனிதரைச் சமாளிக்கச் சட்டத்தையே மாற்றினார்கள் என்றால் நம்புவீர்களா? வளையத்துக்கு முன்னால் தரையில் ஒரு கட்டம் போட்டிருக்கும். தாக்கும் அணியின் ஆள் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. 6 அடி அகலமாக இருந்த அந்தக் கட்டத்தை 1950களின் நடுவில் 12 அடியாக்கினார்கள். நெட்டையன் வளையத்தை விட்டு எட்ட நிற்கட்டும் என்று! அது தாக்குதலைத்தான் கட்டிப்போடும். தடுப்பவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ரஸ்ஸலின் உண்மையான சொத்து எது என்று சட்டம் எழுதியவர்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். பிறகு பாஸ்டன் நகரத் தொழில்முறை அணியில் பதின்மூன்று பருவங்கள், அதில் பதினொரு பட்டங்கள். அவற்றை விரித்தால் இந்த இதழ் போதாது. 2022 ஜூலை 31-ல், 88-ஆவது வயதில் காலமானார். இனி அந்தத் தொழில்முறைச் சங்கத்தில் எந்த அணியிலும் புதிதாக எவருக்கும் அவருடைய 6 என்ற எண்ணைக் கொடுப்பதில்லை என்று அதே ஆண்டில் தீர்மானித்தார்கள்.

கல்லூரி ஆட்டங்களில் தடுத்த பந்துகளை முறையாக எண்ணத் தொடங்கியது 1985-86 பருவத்தில்தான். அந்த முதல் பருவத்திலேயே கடற்படைக் கல்லூரியின் டேவிட் ராபின்சன் 207 பந்துகளைத் தடுத்ததாக எழுதி வைத்தார்கள். ரஸ்ஸலுக்கு? ஆட்டத்துக்குச் சராசரி 20.7 புள்ளி என்று இருக்கிறது. தவறிப் பலகையில் பட்டுத் திரும்பிய பந்துகளைப் பிடித்தது சராசரி 20.3 என்றும் இருக்கிறது. தடுத்ததற்கு உரிய கட்டம் மட்டும் காலி.

என் பேரன் கைப்பேசியில் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்துண்டுகளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறான். படம் மங்கல், நடுநடுவே அறுந்தும் போகிறது. பள்ளிக் கணக்கு நோட்டின் பின் அட்டையில், ரஸ்ஸலின் கை மேலே போகும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வருகிறான். எதிராளி எறியாமல் திரும்பிப் போனால் அதற்கும் கோடு உண்டா, தாத்தா, என்று நேற்றுக் கேட்டான். போடு என்றேன்.