கிள்ளான் ரயிலில் ஒரு காற்பந்துப் பயணம்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைப் பத்துமலைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் அழைத்துச் செல்வது நம் வழக்கம். அடுத்த விடுமுறைக்கு இன்னொரு வழி சொல்கிறேன். காலையில் கிள்ளானில் ரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ், மெர்டேக்கா அரங்கம், கிளானா ஜெயா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். செலவும் அதிகமில்லை. நம்மவர் காற்பந்து எங்கே பிறந்தது, எதுவரை ஏறியது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை இந்த ஒரே பாதையில் பார்த்துவிடலாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரோடு நான் சென்று வந்த பாதை இது.

கிள்ளானைத் தாண்டியதும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்கள் வரும். சுபாங் ஜெயா நகரம் எழுந்த இடம் முன்பு சீபீல்டு தோட்டம். ஷா ஆலமும் பால்மரம் நின்ற மண்தான். தோட்டம் என்றால் லயன் வீடுகள், கோயில், பள்ளிக்கூடம், இவற்றோடு ஒரு திடலும் இருக்கும். மாலையில் வேலை முடிந்த ஆண்கள் வெறுங்காலோடு பந்தாடியது அந்தத் திடலில்தான். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும் நாளில் லாரி ஏறிப்போய் ஆதரவுக் குரல் கொடுத்த தாத்தாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நிலம் கைமாறியபோது குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. திடல் கூட வரவில்லை.

கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயர். பிறகு இது ரயில்வேக்காரர்களின் இடமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். 2001-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பெரிய நிலையமே பழைய ரயில்வே முற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

இங்கே பிள்ளைகளுக்கு நான் ஒரு தூரதேசத்துக் கதை சொன்னேன். தென்னமெரிக்காவில் அர்ஜெண்டினா என்று ஒரு நாடு. மரடோனாவும் மெஸ்ஸியும் பிறந்த மண். அங்கே ரொசாரியோ சென்ட்ரல் என்ற குழுவை 1889-இல் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். ஃபெரோ காரில் ஒயெஸ்தே என்ற குழுவை 1904-இல் தொடங்கியவர்களும் ரயில்வே ஊழியர்களே. போகா ஜூனியர்ஸ் 1905-இல் துறைமுகப் பேட்டையில், கப்பலேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொடங்கியது. நம் கிள்ளான் துறைமுகத்தையும் பிரிக்பீல்ட்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயும் துறைமுகமும் நமக்கும் இருந்தன. பிழைக்கக் கப்பலேறி வந்தவர்கள் நாமும்தான். அந்தக் குழுக்கள் நூறாண்டு தாண்டியும் நிற்கின்றன. அவை உறுப்பினர் சங்கங்கள். பேட்டைக் குடும்பங்கள் மாதாமாதம் சந்தா கட்டுகின்றன. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுகின்றன.

அடுத்து எல்ஆர்டி ரயிலில் பசார் செனி, அங்கிருந்து எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம், மெர்டேக்கா அரங்கம். பக்கத்திலேயே 118 மாடிக் கோபுரம் வானை முட்டி நிற்கிறது. பிள்ளைகள் அதையே அண்ணாந்து பார்ப்பார்கள். சற்றுக் கீழேயும் பார்க்கச் சொல்லுங்கள். 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் சுதந்திரம் முழங்கப்பட்ட இடம் இந்த அரங்கம்.

1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவில் எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி போன்ற நம்மவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவை 3-0 என்று அப்போது வென்றோம். 1980 ஏப்ரலில் இதே மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். கோல் கம்பத்தின் கீழ் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எந்தப் பந்தையும் எட்டிப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் குழு போகவில்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் வரும் முத்து என்ற கோல் காவலர் அவரை நினைவூட்டும் பாத்திரம்தான். 2010-இல் இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாடு கைப்பற்றியபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன், "சார், அவங்கல்லாம் தனித்தனி ஆளுங்க. நம்ம டீமுன்னு ஒண்ணு இல்லையா?" என்றான். அதற்கு விடை கிளானா ஜெயாவில் இருந்தது.

மறுபடியும் எல்ஆர்டி ஏறிக் கிளானா ஜெயாவில் இறங்கி, பெட்டாலிங் ஜெயா நகராண்மை அரங்கத்துக்குப் போனோம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் 'மீஃபா' குழு 2017-இல் நாட்டின் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடத் தொடங்கியது. 2018 ஆட்டங்களுக்குப் பின் மேலே ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. ஆட்டக்காரர்கள் எல்லா இனத்தவரும்தான். ஆனால் அதன் வேர் நம் சமூகத்தில் இருந்தது.

சூப்பர் லீக் என்றால் சாதாரணமல்ல. கிண்ணப் போட்டியில் ஒரு நாள் நல்ல ஆட்டம் அமைந்தால் பெரிய குழுவையும் கவிழ்த்துவிடலாம். 2019 முதல் 2022 வரை லீக்கில் 12 குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றோடும் சொந்தத் திடலில் ஒருமுறை, அவர்கள் திடலில் ஒருமுறை என்று 22 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1. காயம்பட்டவருக்கு மாற்றாள் வேண்டும். சபா வரை பயணம் போக வேண்டும். மாதச் சம்பளம் தவறக் கூடாது. 2020-இல் கோவிட் தொற்றால் ஆட்டங்கள் 11 ஆகக் குறைந்தன. அதையும் சேர்த்து, 2019 முதல் 2022 வரை நான்கு பருவங்களில் 77 லீக் ஆட்டங்கள் ஆடியது அந்தக் குழு. 2021-இல் மற்றவர்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஆடும்போது, பி. மணியம் பயிற்சியில் உள்நாட்டுப் பையன்களை மட்டுமே இறக்கி, மேல்தட்டிலிருந்து விழாமல் நின்றது.

2022 பருவம் முடிந்ததும் குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அத்தோடு சரி. அதே அரங்கத்தில் சிலாங்கூர் குழு தன் ஆட்டங்களை ஆடியிருக்கிறது. மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற குழு. நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டிய குழு. அதன் சட்டையை அணிந்தவர்களில் ஆறுமுகமும் ஒருவர். ஆகவே நம் பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று பொருளில்லை. எந்தக் குழுவில் ஆடினாலும், கால் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆறுமுகம் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் எத்தனை தோட்டங்களில் இன்று கோல் கம்பம் நிற்கிறது? எங்கள் திடலில் ஒரு பக்கம் தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த கம்பம். மறுபக்கம் இரண்டு கற்கள். புல் வெட்ட ஆளில்லை. பிள்ளைகள் மாலை முழுதும் கைப்பேசியில் பந்தாடுகிறார்கள்.

கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எழுதி வசூலிக்க நமக்குத் தெரியும். கணக்கைக் கூட்டத்தில் படித்துக் காட்டவும் தெரியும். அர்ஜெண்டினாவின் ரயில்வே தொழிலாளர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அதே நோட்டில் திடலுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினால் புல் வெட்டலாம், கம்பம் நடலாம், இரண்டு பந்து வாங்கலாம். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால், வீடும் கோயிலும் கேட்கும் மனுவில் திடலையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எங்களோடு வந்த ஆறு பேரில் இருவர் பெண்பிள்ளைகள். ரயிலில் அதிகம் கேள்வி கேட்டவர்கள் அவர்களே.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆட்டம் உள்ள நாளாகப் பார்த்துப் போனால் பிள்ளைகள் நேரில் பார்ப்பார்கள். ஆட்டம் பெரும்பாலும் இரவில் நடக்கும் என்பதால், அன்று மட்டும் காலையில் புறப்படாமல் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள்; கிள்ளான் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.