கரும்பலகைச் சாப்பாடு

பிப்ரவரி 15, சனி

இங்கிலாந்தில் வேக்ஃபீல்டைத் தாண்டி ஒரு சிற்றூர். காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. பப்புக்குள் நுழைந்ததும் என் கண் கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருந்த கரும்பலகைக்குத்தான் போனது. மொத்தமே ஆறு பதார்த்தங்கள். கடைசி வரி: ரூபார்ப் கிரம்பிள்.

இந்தக் குளிரில் ரூபார்ப் எப்படி? காரணம் இருட்டு. இரண்டு வருஷம் வெளி வயலில் வளர்ந்த வேர்க்கட்டையை, உறைபனி பட்ட பிறகு பெயர்த்தெடுத்து, வெளிச்சம் புகாத நீளமான கொட்டகைக்குள் வைத்துச் சூடேற்றுகிறார்கள். வெயில் கிடைக்காத செடி, வேரில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தண்டுக்கு அனுப்புகிறது. தண்டு இளஞ்சிவப்பாக, நார் இல்லாமல் எழும்புகிறது. வெளிச்சம் பட்டால் முற்றிவிடும் என்பதால் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துத்தான் பறிப்பார்கள். வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் மூன்றுக்கும் நடுவிலுள்ள இந்தப் பகுதிக்கு ரூபார்ப் முக்கோணம் என்றே பெயர். 2010-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

புளிச்சக்கீரைத் தண்டைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தாற்போல ஒரு ருசி. மேலே மாவும் வெண்ணெயும் பிசிறிச் சுட்ட மொறுமொறுப்பு, சுற்றிலும் சூடான கஸ்டர்ட். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. எழுந்து போக மனமில்லை. இந்த வருஷம் முழுக்க, அந்தந்த மாதம் விளைவதைச் சமைக்கும் கிராமத்துப் பப்களைத் தேடிப் போவது என்று நானும் மனைவியும் மேஜையிலேயே முடிவு செய்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வூஸ்டர்ஷரில் ஈவ்ஷம் பள்ளத்தாக்கு. பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்து ஃப்ளீஸ் இன்.

ஆஸ்பரகஸ் வந்துவிட்டது. ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாளில் பருவம் தொடங்குவதாக மரபு. ஜூன் 20 தாண்டி நடுக்கோடை வந்ததும் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். விதைத்த முதல் இரண்டு வருஷம் கத்தியே வைக்கக் கூடாது. மூன்றாவது வருஷத்திலிருந்து மண்ணுக்கு மேல் ஒரு சாண் எழும்பிய குருத்துகளைக் குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் வெட்ட வேண்டும். நடுக்கோடைக்குப் பிறகு விட்டுவைத்தால்தான் குருத்து இலைவிட்டு, அடுத்த வருஷத்துக்கான சத்தை வேருக்கு அனுப்பும். நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே இனத்துச் செடிதான். அங்கே கிழங்கு மருந்துக்கு, இங்கே குருத்து சாப்பாட்டுக்கு.

தட்டு வந்தது. பச்சையும் நுனியில் ஊதாவுமாகப் பத்துப் பன்னிரண்டு தண்டுகள், உருகிய வெண்ணெய், பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி. வேறெதுவும் இல்லை. வெட்டின நிமிஷத்திலிருந்தே இதன் இனிப்பு குறையத் தொடங்கிவிடும். அதனால் வயலுக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம்தான் இதில் சமையல். கையால் எடுத்து, நுனியை வெண்ணெயில் தோய்த்துக் கடித்தால் நறுக்கென்று உடைகிறது. பச்சைப் பட்டாணியின் மணம் வருகிறது. சைவம் மட்டுமே சாப்பிடும் என் மனைவிக்கு, ஓரமாக ஏதோ ஒன்று என்றில்லாமல், அந்த நாளின் முதன்மைச் சாப்பாடே இதுவாக அமைந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது அவ்வளவு தூரம் வந்ததற்கு நிறைவாக இருந்தது.

கட்டடம் பதினைந்தாம் நூற்றாண்டுப் பண்ணை வீடு. 1848-இல் பப் ஆனது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருந்தது. கடைசி வாரிசான லோலா டாப்லின் 1977-இல் இறந்தபோது, பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டார். 2004-இல் கூரையில் தீப்பிடித்தது. பழையபடியே வேய்ந்து மறுபடி திறந்தார்கள். கணப்படுப்பின் முன்னால் கல்தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்கிவிடாமல் தடுக்க அந்தக் காலத்தில் போட்டது. இன்றும் அழியவிடாமல் காக்கிறார்கள். மே மாதக் கடைசியில் ஆஸ்பரகஸ் கட்டுகளை இங்கேயே ஏலம் விடுவார்களாம். பக்கத்து மேஜைப் பெரியவர் சொல்லிவிட்டு, கட்டாயம் வர வேண்டும் என்று எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரை ஒரு கிராமத்துப் பப்புக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தண்ணி போடுற இடத்துக்குக் குடும்பத்தோட போறதா, மாப்பிள்ளை?”

“உள்ளே வந்து பாருங்க மாமா. பிடிக்கலைன்னா உடனே கிளம்பிடலாம்.”

உள்ளே ஒரு மேஜையில் பாட்டி, பேத்தி, மேஜைக்கடியில் தூங்கும் நாய். இன்னொன்றில் வயல் வேலை முடித்துச் சேற்று பூட்ஸோடு வந்த இருவர். அவர் கேட்ட நியாயமான கேள்விக்கு அந்தக் கூடமே பதில் சொல்லிவிட்டது. தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். புது உருளைக்கிழங்கு, இளம் அவரைப்பருப்பு, பக்கத்துப் பண்ணைப் பாலாடைக்கட்டி, வீட்டு ஊறுகாய் வெங்காயம், அரைத் தட்டு அளவுக்கு ரொட்டி. குடிக்க எல்டர்ஃப்ளவர் பூச்சாறு. வேலியோரத்தில் அந்தப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது. மாமா மூன்று டம்ளர் குடித்தார்.

புதிதாகப் போகிறவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். கிராமத்துப் பப்பில் பெரும்பாலும் மேஜைக்கு ஆள் வந்து கேட்பதில்லை. இடம் பிடித்துவிட்டு, மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு, பாருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். குடிக்காதவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குடிப்பவர் கைப்பம்பில் இறைக்கும் பீரைக் கேட்கட்டும். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பீர் அது. நிலவறையில் பன்னிரண்டு டிகிரி வாக்கில் வைத்திருப்பார்கள். திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். ஆலைகளின் அடைத்த பீர் இதை விழுங்கிவிடாமல் தடுக்க 1971-இல் தொடங்கிய இயக்கம்தான் கேம்ரா. ஒரு பைன்ட் 568 மில்லி. அரை பைன்ட் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

கென்ட் கடற்கரை. சீசால்ட்டர் என்ற ஊரில் ஸ்போர்ட்ஸ்மேன் என்ற பப். ஒரு பக்கம் கடல் தடுப்புச் சுவர், மறுபக்கம் ஆடு மேயும் உவர்நிலம். வெளியிலிருந்து பார்த்தால் காற்றில் சாயம் வெளுத்த ஒரு சாதாரணக் கட்டடம். இதற்கு 2008-இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது.

ஸ்டீபன் ஹாரிஸ் 1999-இல் இதை எடுத்து நடத்தத் தொடங்கினார். சரித்திர ஆசிரியராகவும் நிதி ஆலோசகராகவும் இருந்தவர். சமையலைத் தானாகவே கற்றுக்கொண்டார். சரித்திரம் படித்தது வீண்போகவில்லை. 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் இந்தச் சீசால்ட்டர் கான்டர்பரி பேராயரின் சமையலறைக்கு உரிய ஊர் என்று குறித்திருக்கிறது. ஒரு காலத்தில் தேவாலயத்துக்கே சோறு போட்ட மண் ஒரு பப்புக்குப் போடாதா என்றுதான் அவர் தேடத் தொடங்கியிருக்க வேண்டும். கடல்நீரை மொண்டு வந்து காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். வெண்ணெயை இங்கேயே கடைகிறார்கள்.

நான் சாப்பிட்டது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நாக்கு மீன். முழு மீனை, கடற்பாசி கலந்த வெண்ணெய் தடவி நெருப்பில் வாட்டியது. கரண்டி முனையால் நடுமுள்ளோரம் ஒரு கோடு இழுத்தால் சதை நான்கு இதழாகப் பிரிகிறது. தட்டில் தேங்கிய வெண்ணெயில் கடலின் வாடை. அதை ரொட்டியால் வழித்துத் துடைத்தேன். செப்டம்பர் பிறந்ததால் இந்தக் கரையின் நாட்டுச் சிப்பியும் வரத் தொடங்கியிருந்தது. மே முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம், அப்போது எடுக்க மாட்டார்கள். கிடைக்காத மாதங்கள் இருப்பதால்தான் கிடைக்கும் மாதத்துக்கு இந்த மதிப்பு.

பப்பில் நல்ல சாப்பாடு என்ற அலையை 1991-இல் லண்டன் ஃபேரிங்டனில் ‘ஈகிள்’ என்ற பப் தொடங்கி வைத்தது என்பார்கள். அதைத் தன் ஊர் மண்ணோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய இடம் இதுபோல நான் வேறு பார்க்கவில்லை.

அக்டோபர் 18, சனி

கம்ப்ரியாவின் வடக்கு மலைகள். ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்டு கிரவுன். சின்னஞ்சிறு பப், பின்னாலேயே பீர் காய்ச்சும் கொட்டகை. ஒரு பீருக்கு ஸ்கிடா என்று மலையின் பெயர்.

2003-இல் இதை வெளியார் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஊர் பயந்தபோது, ஊர்க்காரர்களும் நலம்விரும்பிகளும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு முறையில் ஊரே வாங்கிய ஆரம்பகாலப் பப்களில் இதுவும் ஒன்று. 2011-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இதற்கு ஒரு வழியே போட்டுக்கொடுத்தது: ஊருக்குப் பயன்படும் சொத்து என்று பப்பைப் பதிவு செய்துவிட்டால், விற்க வரும்போது ஊர் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். இங்கிலாந்தில் நான் கண்ட பொதுக்காரியங்களிலேயே என்னை அதிகம் நெகிழ வைத்தது இது.

இந்த மலைகளின் ஆடு ஹெர்ட்விக். கருப்பாகப் பிறந்து வயதாக ஆகச் சாம்பலாகும், முகம் வெள்ளையாகும். மலையில் வேலி கிடையாது. எல்லை எதுவென்று தாயிடமிருந்தே குட்டி கற்றுக்கொள்கிறது. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த ஆடுகளை வளர்த்தவர். 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தபோது, ஹெர்ட்விக் மந்தையைக் கைவிடக் கூடாது என்றும் எழுதிவைத்தார். மெதுவாக வளரும் ஆடு, மெதுவாக வேக வேண்டிய கறி. இலையுதிர்காலம்தான் அதற்கு நேரம். கேரட்டும் பார்லியும் சேர்த்துக் குழைய வெந்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, குளிரில் வெளியே வந்தால் உடம்பு நடுங்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நெடுஞ்சாலையோரப் பப் ஒன்று. வழவழப்பான அட்டையில் பத்துப் பக்கப் பட்டியல்: லசான்யா, டிக்கா, பர்கர், நவம்பரில் ஸ்ட்ராபெர்ரி. சாப்பாடு ஆறு நிமிஷத்தில் வந்தது. ஓரம் கொதித்தது, நடு ஜில்லென்றிருந்தது. பரிமாறிய பெண்ணிடம் இன்றைக்கு என்ன புதிது என்று கேட்டபோது பாவம், அவளுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பட்டியல் நீண்டால் உறைபெட்டி பெரிதென்று பொருள். இனி பத்துப் பக்கம் பார்த்தால் எழுந்துவிடுவேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஈவ்ஷம் பக்கமே வேறொரு கிராமம். ஞாயிறு ரோஸ்ட். கணப்படுப்பில் ஆப்பிள் மரக்கட்டை எரிந்தது.

மாட்டிறைச்சி, அதன் கொழுப்பில் பொரிந்த உருளைக்கிழங்கு, காரமான ஹார்ஸ்ராடிஷ். யார்க்‌ஷர் புட்டிங் என்ற பொங்கிய மாவுக் கிண்ணம்: முட்டை, பால், மாவு கரைத்ததை, புகையும் கொழுப்பில் ஊற்றினால்தான் அப்படி எழும்பும். இறைச்சி அரிதாக இருந்த வீடுகளில் முதலில் இதைக் குழம்போடு கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுவார்களாம். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் வேட்டைப் பருவம்; கரும்பலகையில் அதுவும் இருந்தது. ஆனால் எனக்கு இன்று பிடித்துப்போனது பார்ஸ்னிப். உறைபனி பட்டதும் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அடுப்பில் வாட்டினால் ஓரங்கள் தேன்நிறமாகக் கருகி இனிக்கின்றன. மனைவிக்குச் செஸ்ட்நட்டும் காளானும் சேர்த்துச் சுட்ட ரோஸ்ட். தன் தட்டுதான் சிறந்தது என்றாள், நானும் ஒப்புக்கொண்டேன்.

பப் நடத்துபவரிடம் பேசினேன். மின்கட்டணமும் வாடகையும் ஏறிக்கொண்டே போகின்றன, ஞாயிறு நிரம்புகிறது, செவ்வாய் புதன் காலியாகக் கிடக்கிறது என்றார். ஞாயிறு வருமானத்தில் ஏழு நாளும் கதவு திறந்திருக்க முடியாது.

இதைப் படிப்பவர் இங்கிலாந்து வந்தால், லண்டனில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். பாரில் நிற்பவரிடம் இன்றைக்கு உள்ளூரில் வந்தது எது என்று கேட்டு, அதையே சாப்பிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பல இடங்களில் அதற்குப் பிறகு சமையலறையை மூடிவிடுவார்கள்.