கிராபிக்ஸ் கார்ட் வாங்க முன் ஒரு நிமிஷம்



வேர்ச்சுவல் மெஷினுக்குள் கேம் க்ராஷ் ஆகிறது என்று இந்த லீவில் நாலைந்து பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். ஒரு வாப்பா, "சேர், கடையில கிராபிக்ஸ் கார்ட் போடச் சொல்றாங்க, தவணைக்கு எடுக்கட்டா?" என்றார். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. கண்ட இடத்தில் எடுத்த கேமை நேரே போடாமல் வேர்ச்சுவல் பொக்ஸுக்குள் போட்டுப் பார்க்கும் பிள்ளை, உங்கள் கடைக் கணக்கையும் குடும்பப் போட்டோக்களையும் காப்பாற்றப் பார்க்கிறது. ஏசாதீர்கள்.

வெளியே எவ்வளவு விலையான கார்ட் போட்டாலும் உள்ளே இருக்கும் விண்டோஸ் அதை நேரடியாகக் காணாது. வேர்ச்சுவல் பொக்ஸ் காட்டும் ஒரு பாவனைக் கார்டைத்தான் காணும். ஆகவே காசு செலவழிக்க முன் இவற்றைப் பாருங்கள்:

1. மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்து, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 3டி எக்சலரேஷனுக்கு டிக் போடுங்கள். வீடியோ மெமரியை அது விடும் அளவுக்குக் கூட்டுங்கள்.

2. உள்ளே கெஸ்ட் எடிஷன்ஸ் இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது இல்லாமல் அந்த டிக்கினால் பயனில்லை. அதிகமானோர் விடுவது இதைத்தான்.

3. 8 ஜிபி ராம் என்றால் உள்ளே 4க்கு மேல் கொடுக்க வேண்டாம். வெளியே இருக்கும் விண்டோஸுக்கும் மூச்சு விட இடம் வேண்டும்.

4. ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிகிறதா? வெளியே ஹைப்பர்-வி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால் எல்லாமே மெதுவாகும்.

5. இன்னும் சரிவரவில்லையா? அந்த மெஷினின் லொக் ஃபைலைத் திறந்து கடைசி வரிகளை வாசியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

சிலது எப்படியும் ஓடாது. வெலோரண்ட் கேமின் வேன்கார்ட், வேர்ச்சுவல் மெஷின் என்று கண்டாலே விடாது. 2019இல் வந்த 6.1 வேர்ஷனிலிருந்து எக்ஸ்பிக்கு 3டி இல்லை. பழைய டொஸ் கேம் என்றால் வேர்ச்சுவல் மெஷினே தேவையில்லை, டொஸ்பொக்ஸ் போதும்.

அந்த வாப்பாவின் வீட்டில் இரண்டாவதுதான் குறை. மகனே லொக்கை வாசித்துக் கண்டுபிடித்தான், மாஷா அல்லாஹ். ஒன்றை மாற்றி, சோதித்து, பிறகு அடுத்ததை மாற்றும் பழக்கம் ஐ.சி.டி. பாடப் புத்தகத்தை மனனம் செய்து வருவதில்லை.

சிக்கல் இருந்தால் ராம் அளவு, வேர்ஷன், லொக்கின் கடைசி வரிகள் மூன்றையும் கொமெண்டில் போடுங்கள். இஷாவுக்குப் பிறகு பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.