பட்டா ஏறும் நேரம்

கம்பம் பள்ளத்தாக்கில் மரச்சக்கரத்துக்கு இன்று சோறு போடுவது பந்தயம்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் இந்த வயல்காட்டில் நெல்மூட்டை சுமந்த கட்டை வண்டிகள் போன இடம் தெரியவில்லை. டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, இப்போது குட்டியானை. ஆனால் ஊர்த் திருவிழா என்றால் தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், பெரிய மாடு என்று தரம் பிரித்து வண்டி ஓட்டும் பழக்கத்தைத் தேனி மாவட்டத்துக்காரர்கள் விடவில்லை. அந்த வண்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆசாரி செய்தால்தான் உண்டு.

எனக்கு மரவேலை பிழைப்பு இல்லை, சின்ன வயதிலிருந்து பிடித்த பித்து. தேனியில் என் வீட்டுப் புத்தக அலமாரி, பரண் கதவு, சமையல் மேடைக்குக் கீழே உள்ள அறைகள் எல்லாம் நானே செய்தவை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி முழுக்க மரத்தூள். அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக்கணக்கு. மலைக்கு அந்தப் பக்கம் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தைச் சீவி ஒட்டி அனுப்பும் பலகை, ஒரு டப்பா ஃபெவிகால், ஒரு பிடி மரையாணி இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் போதும். ஒட்டாததைப் பசை ஒட்டும், பசை விட்டதை ஆணி பிடிக்கும். பசையும் ஆணியும் இல்லாமல் ஒரு பொருள் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் சின்னமனூரைத் தாண்டி ஒரு வண்டிப் பட்டறைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம், அதன் அடியில் அறுத்துப் போட்ட கருவேலங்கட்டைகள். சீமைக் கருவேலம் அல்ல, கண்மாய்க் கரையில் நிற்கும் நாட்டுக் கருவேலம். எழுபதைத் தாண்டிய தச்சாசாரி சக்கரத்தின் குடத்தைக் காலிடுக்கில் அணைத்துக்கொண்டு உளி போட்டுக்கொண்டிருந்தார். நான் மாடியில் மேசை, கட்டில் செய்வதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். “நல்லதுதான் தம்பி. மேசை ஒரு இடத்துல நிக்கிற சாமான். இது ஓடுறது.”

ஓடுகிற சாமானின் கணக்கு வேறு. நடுவில் குடம், அதில் பன்னிரண்டு ஆரக்கால், அவற்றின் தலையில் ஆறு வட்டை. வட்டத்தை ஏன் ஆறாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டேன். நாலே துண்டாகச் செய்தால் அறுக்கும் வேலை மிச்சம்தானே? ஒரு பலகைத் துண்டை எடுத்துக் கரிக்கட்டியால் வளைவு போட்டுக் காட்டினார். வளைவு நீண்டுகொண்டே போனால் நுனியில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. கல்லில் ஒருமுறை ஏறி இறங்கினால் அந்த இடம் சில்லு பெயர்ந்துவிடும். ஆறாக்கினால் ஒவ்வொரு துண்டிலும் இழை ஓரளவு நீளவாக்கிலேயே ஓடும். எத்தனையோ வருடம் வளைவு அறுத்திருக்கிறேன், இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

அவருக்கு மரத்தின் ஈரத்தைப் பற்றித்தான் பெரிய கவலை. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புத்தகம் சொல்லும் இந்தக் கணக்கை அவர் கட்டையின் முகத்தில் ஓடும் வெடிப்பைத் தடவியே படித்துவிடுகிறார். ஈரக் கட்டையில் சக்கரம் கட்டினால் ஆடிக் காற்று அடிக்கிறபோது ஆரக்கால் ஒவ்வொன்றும் லொடலொடக்கும். அதனால்தான் அந்தக் கட்டைகளுக்கு வேப்பமர நிழல். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரமே பிளக்கும்.

பந்தயத்தை நம்பிய இந்தத் தொழிலுக்கு நடுவில் ஒரு தடையும் வந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி அனுமதித்தது. 2023 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தடை இருந்த காலத்தில் பட்டறை நிலைச்சட்டமும் கட்டிலும் செய்து ஓடியிருக்கிறது. “உளி துருப்பிடிக்கல, அவ்வளவுதான்” என்றார் ஆசாரி. மாட்டைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசினார்கள். சக்கரம் செய்கிறவரை யாரும் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. பந்தயம் வேண்டுமா என்பதில் எனக்கே முழுத் தெளிவு கிடையாது. இந்தக் கைவேலை இன்னும் இருப்பது அதனால்தான் என்பதை மட்டும் மறுக்க முடியவில்லை.

மத்தியானம் சக்கரத்துக்குப் பட்டா, அதாவது இரும்பு வளையம், ஏற்றும் வேலை. இது கொல்லாசாரியின் ஆட்சி. சக்கரத்தின் சுற்றளவை அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இரும்புப் பட்டையை வளைத்து இணைத்து வைத்திருந்தார். எவ்வளவு குறைவு என்று கேட்டதற்குக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாலரை அடி விட்டமுள்ள சக்கரத்துக்குப் பட்டா சுமார் 14 அடி நீளம். நூறு டிகிரி சூடேறினால் அந்த நீளத்துக்கு இரும்பு 5 மில்லிமீட்டர் போல நீளும். நானூறு ஏறினால் முக்கால் அங்குலம். விரல் சொன்னதும் அதுதான்.

பட்டாவைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ வைத்தார்கள். அது பழுக்கும்வரை பேச்சு வேறெங்கோ போனது. திராட்சை விலை, போடிக்கு ரயில் திரும்பி வந்தது, யார் மாடு யாருக்குக் கைமாறியது. திடீரென்று கொல்லாசாரி எழுந்தார். நாலு குறடு, மூன்றே ஆட்கள். ஒருவர் இன்னும் வரவில்லை.

“சும்மா நிக்காதீக, அந்தக் குறட்டப் பிடிங்க.”

பிடித்தேன். கனல் முகத்தில் அடிக்க, நாலு பேரும் ஒரே மூச்சில் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கினோம். ஒருவர் சற்று முந்தினாலும் பட்டா கோணலாய் விழும். வட்டை கருகிப் புகை எழுந்தது. இரண்டு பக்கமும் சம்மட்டி அடி, உடனே குடம் குடமாய்த் தண்ணீர். இரும்பு குளிர்ந்து சுருங்கச் சுருங்க, பன்னிரண்டு ஆரக்காலும் குடத்துக்குள் நெரிபடும் சத்தம் கேட்டது. தளர்ந்திருந்த ஒவ்வொரு பொருத்தும் சொட்டுப் பசையில்லாமல் இறுகியது. மாடியில் தனியாக உட்கார்ந்து எத்தனை வருடம் இழைத்தாலும் இந்த வேலையை நான் செய்திருக்க முடியாது. இதற்கு நாலு குறடு வேண்டும், நாலு ஆளும் வேண்டும்.

வராத ஆள் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். கொல்லாசாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த பட்டாவுக்கு வரட்டி அடுக்கச் சொன்னார். குறடு இன்னும் என் கையில்தான் இருந்தது. அவர் திரும்பக் கேட்கவில்லை.